மெரிடியன் வேண்டாமென்ற பிள்ளைகள்

நடந்துகொண்டே வாசிக்கிற மெரிடியன் வாத்திய அணிக்கு ஆள் எடுக்கும் நாட்களில், தேர்வு நடக்கும் பள்ளிக்கூடத்தின் பக்கவாட்டுக் கதவருகே நொரீன் ஹேவர்காம்ப் ஒரு மடக்கு மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். இடம் கிடைத்தவர்கள் முன்வாசல் வழியாகக் கூச்சலிட்டுக்கொண்டு போவார்கள். கிடைக்காதவர்கள் வெளியேறுவது இந்தப் பக்கக் கதவு வழியாகத்தான். வெளியே வண்டியில் அப்பாவோ அம்மாவோ காத்திருக்க, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வாத்தியப் பெட்டி முழங்காலில் இடிக்க வருவார்கள். அவர்களை மறித்து, சூடான சாக்லேட் பால் கோப்பையைக் கையில் திணித்து, "உக்காரு. எந்த ஊரு நீ? என்ன வாசிப்ப?" என்று கேட்பது நொரீனின் வேலை. சம்பளமில்லாத வேலை. சம்பளத்துக்கு அவள் இண்டியானா மாநிலத்தில் கோகோமோ என்ற ஊரில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருந்தாள்.

அவளுடைய மகன் வேட் ஒரு காலத்தில் மெரிடியனில் ட்ரம்பெட் ஊதினான். கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத் தரைகளில் படுத்து, வெயிலில் வெந்து, மைதானம் மைதானமாகப் போட்டியிடுகிற அந்த வாழ்க்கையை முடித்துவிட்டு அவன் ஒரேகானில் இன்சூரன்ஸ் விற்கப் போய்விட்டான். மகன் போன பிறகும் அம்மா அணியை விடவில்லை. கோடையில் அணியோடு போகும் சமையல் லாரியில் நின்றாள். ஒரு ஜனவரியில், தேர்வில் தோற்ற பெண் ஒருத்தி கார் நிறுத்துமிடத்தில் வண்டியை எடுக்கவும் முடியாமல் தேம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஒஹையோவில் ஒரு சின்ன அணியின் தலைவருக்கு அங்கிருந்தே போன் போட்டாள். அந்தக் கோடையில் அந்தப் பெண் அங்கே வாசித்தாள். மேஜை வந்த கதை அதுதான்.

மெரிடியனின் தலைவர் க்ளென் ஸ்ட்ராட்டன் முதலில் சிரித்தார். பிறகு இது நல்ல பெயர் வாங்கித் தரும் காரியம் என்று கண்டுகொண்டு, 'மறுத்தாலும் கைவிட மாட்டோம்' என்று நொரீனின் படத்தோடு இணையதளத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் தங்களுக்குள் அந்த மேஜைக்கு வைத்திருந்த பெயர் 'மிச்சக் கடை'. நொரீனுக்கு அது தெரியும். அவள் அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவள் இல்லை.

அந்த வருஷம் ஜனவரியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கதவை உதைக்காத குறையாகத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். உயரம். தலைமுடியை இறுக்கிப் பின்னியிருந்தாள். முதுகுப் பையில் டிரம் குச்சிகள் துருத்திக்கொண்டிருந்தன.

"உக்காரு கண்ணு," என்றாள் நொரீன்.

"உக்கார வரல. என் வண்டி அந்தப் பக்கம் நிக்குது. வழி விடுங்க."

"சாக்லேட் குடிச்சிட்டுப் போ. ரோடு வழுக்குது."

"இது மூணாவது வருஷம், மிஸ் நொரீன். அதே சாக்லேட்டு. போன வருஷமும் உங்க கையால வாங்கிக் குடிச்சேன். ஞாபகம் இல்லல்ல?"

நொரீனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டாள். அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, உட்கார்ந்தாள்.

டெரி ஹோட் ஊர்க்காரி. பெயர் இமானி ப்ரூயிட். ஸ்நேர் டிரம் வாசிப்பவள். வயது இருபத்தொன்று. இருபத்திரண்டு ஆகிவிட்டால் எந்த அணியிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே வரப்போகிற கோடைதான் அவளுக்குக் கடைசி.

"என்ன சொன்னாங்க?"

"போன வருஷம், 'கால் அருமையா போகுது, கைதான் இன்னும் கொஞ்சம்'னாங்க. சரின்னு ஒரு வருஷம் கைய ஒடச்சுக்கிட்டேன். இப்ப, 'கை அருமை, கால் ஒத்து வரல'ங்கறாங்க. அடுத்த வருஷம் மூக்கு சரியில்லம்பாங்க. அதுக்கு எனக்கு அடுத்த வருஷமும் இல்ல."

மேஜையின் மறுகோடியில் ஒரு பையன் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தான். மன்சியிலிருந்து வந்தவன், கோல்பி ரெயின்ஸ், அவனும் டிரம் வாசிப்பவன். அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. இமானி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏய், நிறுத்துடா. உனக்கு இன்னும் எத்தன சம்மர் கெடக்கு! அழ வேண்டியவ நான். என் பங்கையும் சேத்து நீ அழுதுட்டா நான் என்ன பண்றது?"

பையன் திகைத்துப்போய் மூக்கை உறிஞ்சினான். நொரீன் அதற்குள் லைல் பெக்வித்துக்குப் போன் போட்டுவிட்டாள்.

லைல் லஃபாயட்டில் பள்ளிக்கூட பேண்ட் வாத்தியார். வாபாஷ் லாந்தர்ன்ஸ் என்ற சின்ன அணியை நடத்தினார். அணிக்கு எப்போதும் ஆள் போதாது. எந்த வருஷமும் அரைகுறையாகக் கிளம்பி, எப்படியோ கோடையைத் தாண்டிவிடும். நொரீனை லைலுக்குப் பல வருஷமாகத் தெரியும். அவள் அனுப்பிய பிள்ளைகள் பாதிப் பேர் அவரிடம்தான் இருந்தார்கள்.

"லாந்தர்ன்ஸா?" என்றாள் இமானி. "பஸ்ல ஏசி இல்லாத அணிதானே? போன வருஷம் கடைசிக்கு முந்தின எடம்."

"கடைசி இல்லல்ல?"

இமானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சாக்லேட்டைக் கீழே சிந்தினாள்.

"உன்ன வேணும்னு சொல்றவங்கதான் உன் ஆளுங்க, இமானி," என்றாள் நொரீன். "வேண்டாங்கறவங்க வாசல்ல இன்னும் எத்தன வருஷம் போய் நிப்ப?"

இந்த வார்த்தைகளை அவள் எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அதில் நம்பிக்கை விழுந்திருந்தது.

இமானி மிச்ச சாக்லேட்டைக் குடித்து முடித்தாள். "சரி. ஆனா இந்த அழுமூஞ்சியும் என்கூட வரணும். தனியா போய் மானம் போறத விட ரெண்டு பேரா போனா பரவால்ல."

இருவரும் மறுநாளே லஃபாயட்டுக்குப் போய் லைலின் முன்னால் வாசித்தார்கள். சாயங்காலம் லைல் நொரீனுக்குப் போன் செய்தார். "நொரீன், யார அனுப்பியிருக்கன்னு உனக்குத் தெரியுமா? மெரிடியன்காரங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

வசந்தம் முழுக்க நொரீன் லாந்தர்ன்ஸின் பயிற்சிக்குப் போய் வந்தாள். பெரிய பாத்திரத்தில் பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் குழம்பு செய்து, காரின் பின் இருக்கையில் கட்டி வைத்து எடுத்துப் போவாள். அங்கே போகும்போதெல்லாம் டிரம் வரிசை கொஞ்சம் கொஞ்சமாக ஒரே கையாக ஆகிக்கொண்டிருந்தது. வரிசையை நடத்திய இமானி கத்த மாட்டாள். ஒருவன் தவறினால் வாசிப்பை நிறுத்தி, அவன் எதிரில் போய் நின்று, அந்த இடத்தை மெதுவாக வாசித்துக் காட்டுவாள். அவனுக்கு வரும் வரை நகர மாட்டாள். மற்றவர்கள் வெயிலில் காத்திருப்பார்கள். வந்ததும், "பாத்தியா? ஒன் கை ஒன்னும் ஊனமில்ல," என்று தலையில் ஒரு தட்டு. கோல்பி அவள் பின்னால் நாய்க்குட்டி போலத் திரிந்தான். அவன் முதுகு நிமிர்ந்ததும் பேச்சில் தைரியம் வந்ததும் அந்த வசந்தத்தில்தான்.

மே மாதக் கடைசியில், வாசித்தபடியே அணிவகுக்கிற முழு ஆட்டத்தையும் முதல் தடவையாகப் பெற்றோர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. லைல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். "இந்த வருஷம் நம்மளப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க," என்றார். வழக்கமாகப் போடும், மெரிடியனின் பெயர் போட்ட தொப்பியை நொரீன் அன்றைக்குக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தாள்.

ஜூன் பாதியில் க்ளென் ஸ்ட்ராட்டன் போன் செய்தார். நொரீன் பல் டாக்டரின் கிளினிக்கில் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நொரீன், ஒரு இக்கட்டு. டிரம்ல ரெண்டு பசங்க விட்டுட்டுப் போயிட்டாங்க, ஒருத்தனுக்கு மணிக்கட்டு போச்சு. ட்ரம்பெட், ட்ராம்போன்னு பித்தளை வரிசையிலயும் ஓட்டை விழுந்திருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒன்னும் செய்ய வேண்டாம். லாந்தர்ன்ஸ்ல இருக்கற பசங்க நம்ம தேர்வுக்கு வந்தவங்கதானே, நம்பரெல்லாம் எங்ககிட்டயே இருக்கு. வேண்டியவங்ககிட்ட பேசியாச்சு. அனேகமா எல்லாரும் வர்றேன்னுட்டாங்க. அந்த டெரி ஹோட் பொண்ணு மட்டும் 'யோசிச்சுச் சொல்றேன்'னு வச்சிட்டா. நீங்க சொன்னா கேப்பா."

"ஜனவரில வேண்டாம்னு சொன்னீங்களே, க்ளென்."

"ஜனவரில எடம் இல்ல. இப்ப இருக்கு."

"லைல் என்ன ஆவான்?"

"லைல் சமாளிப்பான். வருஷா வருஷம் அதத்தானே பண்றான்." க்ளெனின் குரலில் துளிக் கோபம்கூட இல்லை. நோயாளிக்கு மருந்து சொல்வது போல நிதானமாகப் பேசினார். "அந்தப் பொண்ணு மூணு வருஷமா எங்ககிட்ட வரணும்னு கெடந்தா. இது அவளோட கடைசி வருஷம். நடுவுல நிக்காதீங்க, நொரீன்."

சாண்ட்விச்சை மறுபடி மடித்து வைத்தாள். டாக்டரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள். லாந்தர்ன்ஸ் அன்றைக்கு இல்லினாய் எல்லைக்கு அப்பால் டான்வில்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தது. குப்பை என்று வீசியதை எடுத்துத் துடைத்து வைத்தால், நன்றாயிருக்கிறதே என்று வந்து எடுத்துப் போகிறார்கள். எடுத்துத் துடைத்துக் கொடுக்கிற வேலைக்கா நான் இத்தனை வருஷம் அந்தக் குளிரில் உட்கார்ந்தேன் என்று உரக்கவே கேட்டுக்கொண்டாள்.

மைதானத்தில் வரிசைகள் பல்லுப் போன வாயாக இருந்தன. காலையிலேயே ஒரு வேன் வந்து பிள்ளைகளை அள்ளிப் போயிருந்தது. கோல்பியும் போய்விட்டான். யாரிடமும் சொல்லாமல், படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, இமானி பல் துலக்கப் போயிருந்த நேரம் பார்த்துப் போயிருந்தான்.

லைல் சமையல் லாரியின் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவ இருந்தா மிச்சப் பசங்க இருப்பாங்க, நொரீன். அவ போயிட்டா கடைய மூட வேண்டியதுதான். ஆனா அவகிட்ட நான் இருன்னு கேக்க மாட்டேன். கேக்கறது தப்பு." பிறகு தலையை நிமிர்த்தாமலே, "நீ சொன்னா கேப்பா," என்றார்.

ஒரே நாளில் இரண்டு ஆண்கள் தன்னிடம் அதே வாக்கியத்தைச் சொன்னதை நொரீன் அப்போது கவனிக்கவில்லை.

இமானி வாத்திய லாரியின் நிழலில், டிரம் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் போன்.

"அந்தக் கோல்பிப் பொறுக்கி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, மிஸ் நொரீன். சொல்லியிருந்தா நானே அவன் பையத் தூக்கிட்டுப் போய் வேன்ல ஏத்தி விட்டிருப்பேன்."

"நீ என்ன முடிவு பண்ணியிருக்க?"

"தெரியல. ராவெல்லாம் தூங்கல. பதிமூணு வயசுல மொதல்ல மெரிடியனப் பாத்தேன். எங்கம்மா டிக்கெட் வாங்கிக் குடுத்து இண்டியானாபொலிஸ் கூட்டிட்டுப் போனாங்க. அன்னைலேர்ந்து அந்த யூனிபார்ம்தான். இங்க பசங்க காலைலேர்ந்து என் மூஞ்சியவே பாக்கறாங்க. குனிஞ்சே இருந்து கழுத்து வலிக்குது." அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க. உங்க சொந்தப் புள்ளையா இருந்தா என்ன சொல்வீங்க?"

தன் மகன் வேட்டாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நொரீனுக்குத் தெரியும். ஓடுடா, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி, பையை அவளே கட்டிக் கொடுத்திருப்பாள். அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் லாரிப் படியில் குனிந்த லைலின் தலை அவள் கண்ணில் நின்றது. அதைவிட, க்ளெனின் அந்த நிதானமான குரல். யாராவது ஒருத்தராவது, ஒரே ஒரு தடவையாவது, மெரிடியனைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது.

"இருந்துடு, இமானி. உன்ன வேணும்னவங்ககிட்ட இரு."

இமானி அவள் முகத்தையே பார்த்தாள். நொரீன் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"சரி," என்று எழுந்து, அங்கேயே நின்று போன் போட்டாள். "ரொம்ப நன்றிங்க. வேண்டாம். எனக்கு அணி இருக்கு."

லாரிக்கு அந்தப் பக்கம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கைதட்டிக் கூத்தாடினார்கள். நொரீன் ஊர் வந்து சேரும் வரை காரில் தானாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அந்தச் சிரிப்புக்கு ஆயுள் ஒரு மாதம்கூட இல்லை. ஆட்டத்தை மாற்றி எழுதினார்கள். ஓட்டை விழுந்த இடங்களை அடைக்க ஆட்களை அங்கும் இங்கும் நகர்த்தினார்கள். ஆளை எடுத்த இடத்தில் புது ஓட்டை விழுந்தது. மிசோரியில் ஒரு மைதானத்தில் பார்வையாளர்கள் பரிதாபப்பட்டுக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைத் தாங்க முடியாமல் ஒரு ட்ராம்போன் பையன் வீட்டுக்குப் போனான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேரை அவர்களுடைய பெற்றோர் வந்து கூட்டிப்போனார்கள். ஜூலை நடுவில் குவின்ஸி என்ற ஊரில், காலைச் சாப்பாடு முடிந்ததும், லைல் எல்லாரையும் உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் உட்கார வைத்து, இந்த வருஷம் இதோடு முடிந்தது என்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறியபோது இமானி அழவில்லையாம். எழுந்து போய் டிரம்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, உறை போட்டு, லாரியில் ஏற்றி, பட்டையால் இறுக்கிக் கட்டினாளாம். உதவிக்கு வந்தவர்களை, "அழுதுட்டு வா, கை நடுங்குது ஒனக்கு," என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். இது லைல் சொன்னது.

செய்தி வந்த நிமிஷமே நொரீன் க்ளெனைக் கூப்பிட்டாள்.

"எடம் இல்ல, நொரீன். ஆட்டம் கெட்டியாயிடுச்சு. இப்ப ஒருத்தரச் சொருகினா மத்தவங்க தடுமாறுவாங்க."

"ஓரமா நிக்கட்டும். யாருக்காவது ஒடம்பு சரியில்லன்னா..."

"அப்படி நிக்க ரெண்டு பேர் இருக்காங்க." க்ளென் அதே நிதானத்தோடு தொடர்ந்தார். "எனக்கு அணி இருக்குன்னு சொன்னா. அருமையான பொண்ணு. அவ கைய நான் மறக்கல. அப்பவே வந்திருக்கணும்."

நடுவில் நிற்காதீர்கள் என்று தான் சொன்னதை அவர் நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருந்தால் நொரீன் கத்தவாவது செய்திருப்பாள்.

குவின்ஸிக்கு அவளே போய் இமானியை ஏற்றிக்கொண்டாள். இல்லினாய் முழுக்கக் குறுக்காகச் சோளக்காட்டின் நடுவே வர வேண்டும். இமானி ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை என்பது விரல்களில் தெரிந்தது. தொடைமேல் அவை சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தன. டெகேட்டர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி நொரீன் ஹாட் டாக் வாங்கி வந்தாள். இமானி அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"க்ளென்கிட்ட கேட்டேன்..."

"தெரியும். கோல்பி மெசேஜ் போட்டான். அங்க எல்லாரும் பேசிக்கறாங்களாம், மிஸ் நொரீன் எனக்காகக் கெஞ்சினாங்கன்னு." அவள் குரல் உயரவே இல்லை. "அத மட்டும் பண்ணாம இருந்திருக்கலாம்."

"இமானி, நான்..."

"வண்டிய எடுங்க. அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க."

ஆகஸ்டில் இண்டியானாபொலிஸில் இறுதிப் போட்டி. மெரிடியன் சமையல் லாரிக்கு ஆள் குறைவு என்றார்கள். முன்பே வாக்குக் கொடுத்திருந்ததால் நொரீன் போனாள். போயிருக்கக் கூடாது. மாலையில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது, அரை யூனிபார்மில் கோல்பி ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். தோள் அகன்று, வெயிலில் கறுத்து, ஆளே மாறியிருந்தான்.

"எல்லாம் உங்களாலதான், மிஸ் நொரீன்! நீங்க மட்டும் அன்னைக்கு என்னப் புடிச்சு உக்கார வெக்கலன்னா, டிரம்ம அன்னைக்கே வித்திருப்பேன்."

"ஒன்ன இழுத்துட்டுப் போனது இமானி."

அவன் முகம் ஒரு கணம் பழைய அழுமூஞ்சியாகச் சுருங்கியது. "எத்தனையோ மெசேஜ் போட்டேன். பதிலே போடல. அன்னைக்கு அவ கண்ணப் பாத்தா என்னால வேன்ல ஏற முடிஞ்சிருக்காது. அதான் சொல்லாமப் போனேன்." பின்னாலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "நீங்க ஆட்டத்தப் பாப்பீங்கல்ல? எடது பக்கம் நாலாவது ஆளு நான்தான்."

அவனை வெறுக்கக்கூட அவளுக்கு வழி கிடைக்கவில்லை. மெரிடியன் இரண்டாம் இடம் வந்தது. ஆட்டத்தை நொரீன் பார்க்கவில்லை. லாரிக்குள் நின்று, காலியான தட்டுகளைக் கழுவினாள். மைதானத்திலிருந்து வந்த டிரம் சத்தம் சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல் இருந்தது.

அக்டோபரில் லைல் போன் செய்தார். குரலில் ஒரு கூச்சம்.

"நொரீன், வேற யார் மூலமாவது நீ கேள்விப்படறதுக்கு முன்னால நானே சொல்லிடணும்னு பாத்தேன். மெரிடியன்ல வாத்தியாரா கூப்ட்டிருக்காங்க. டிரம் இல்ல, பித்தளை வரிசைக்கு. சரின்னுட்டேன்."

"லாந்தர்ன்ஸ்?"

"அத எப்படித் திரும்ப எடுத்து நடத்தறது? எனக்கும் வயசாகுது. இவங்க பெரிய ஆளுங்க. க்ளென் நல்ல மனுஷன், நொரீன். பழகிப் பாத்தாத் தெரியுது."

"அந்தப் பொண்ணு உன் மூஞ்சியப் பாத்துதான் போகாம இருந்தா, லைல்."

"நான் அவகிட்ட இருன்னு கேக்கவே இல்லையே," என்றார் லைல். சொன்னது உண்மைதான். நொரீன் போனை வைத்துவிட்டாள். அன்றைக்கே க்ளெனுக்கு, இந்த வருஷம் மேஜைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செய்தி அனுப்பினாள். நன்றி சொல்லி, ஒரு பூங்கொத்துப் படத்தோடு பதில் வந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை அவள் டெரி ஹோட்டுக்குப் போனாள். இமானியின் அம்மாதான் சொன்னாள், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறாள் என்று. நொரீன் கடையின் முன்னால் காரை நிறுத்திவிட்டு, வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சற்றுப் பொறுத்து இமானி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். உடம்பு இளைத்திருந்தது.

"லைல் சேந்துட்டார்னு சொல்ல வந்தீங்களா? தெரியும். படம் போட்டிருந்தாங்க, மெரிடியன் தொப்பியோட." அவள் சிரித்தாள். "அவருக்கு நல்லாத்தான் இருக்கு, தொப்பி."

"இமானி, அன்னைக்கு நான் உனக்காகப் பேசல. அத சொல்லத்தான் வந்தேன். க்ளென் மேல இருந்த கோவத்துல பேசினேன். என் புள்ளையா இருந்தா போன்னுதான் சொல்லியிருப்பேன்."

இமானி ரோட்டில் போன லாரி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே எனக்குத் தெரியும்," என்றாள். "கேட்ட உடனே உங்க மூஞ்சி போன போக்குல தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் இருந்தேன். அந்தப் பசங்க கைதட்டினாங்கல்ல, அது நல்லா இருந்துது. ஒரு பத்து நாள் நல்லா இருந்துது."

"நான் மேஜைய விட்டுட்டேன். க்ளென்கிட்ட சொல்லிட்டேன்."

இமானி திரும்பினாள். அத்தனை நேரமும் வராத கோபம் அப்போதுதான் வந்தது.

"எதுக்கு? யாருக்காக? ஜனவரில அந்தக் கதவு வழியா வர்ற பசங்க என்ன பண்ணுவாங்க, நேரா போய்ப் பனியில விழணுமா? நீங்க மனச ஆத்திக்கறதுக்கு அவங்க எதுக்குக் குளிர்ல நிக்கணும்?"

"அப்ப நான் போகணுங்கறியா?"

"போங்க, போகாதீங்க. எனக்கென்ன. போனா சாக்லேட்டக் குடுங்க, போன் நம்பரக் குடுங்க. எங்க இருக்கணும், யார் நம்ம ஆளு, அதெல்லாம் யாருக்கும் சொல்லாதீங்க."

உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவள் எழுந்தாள். நொரீனும் எழுந்து கையை நீட்டப் போனாள். இமானி தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். முழங்கை வரை கரி. கட்டிப்பிடிக்க முடியாததற்கு அதுவே போதும் என்பது போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

நொரீன் மறுபடியும் உட்கார்ந்தாள். உள்ளே காற்று அடைக்கிற இயந்திரம் விட்டு விட்டு இரைந்தது. கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"மேடம், அந்தச் செவப்பு வண்டி உங்களோடதா? என்ன பண்ணணும் அதுக்கு?"

"ஒன்னும் பண்ண வேண்டாம். வண்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப கொஞ்சம் எடுத்துக்கறீங்களா? பின்னால ஆள் நிக்குது."

நொரீன் சாவியைத் தேடி எடுத்து, வண்டியைக் கிளப்பி, அந்த இடத்தைக் காலி செய்து கொடுத்தாள்.